தேறினாயா என்று கேட்கும் ஊர்

1

என் மகள் பரீட்சையில் தோற்றுப்போன அன்று நான் கேசரி கிண்டினேன். அதைக் கொண்டாடுவதற்காகத்தான். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனேன்.

நாங்கள் இருக்கும் யார்க்ஷயர் ஊரில் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். அதில் தேறினால் கிராமர் ஸ்கூல், அதன் பிறகு கல்லூரி. தேறாதவர்களுக்கு வேறு பள்ளி. அங்கே படித்து வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் தறி மில்லுக்கோ கடைக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒரு காலைப்பொழுதில் எழுதும் பரீட்சை, அதை வைத்துப் பிள்ளையை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துவிடுகிறார்கள்.

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை கல்வி ஆபீஸிலிருந்து பழுப்பு உறையில் கடிதம் வந்தது. உங்கள் மகளுக்கு இன்ன பள்ளியில் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது. தேறவில்லை, தோல்வி, தகுதி இல்லை என்ற மாதிரி ஒரு சொல்கூட இல்லை. இத்தனை ஆண்டாக இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர்கள் கிறுக்குவதையெல்லாம் படித்து மருந்து கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான் 'மகிழ்ச்சி', 'இடம்' என்ற இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமலே ஷீலாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். ரவையை வறுக்க அடுப்பைப் பற்றவைத்தேன்.

பக்கத்து வீட்டு டோரத்தி தறி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கேசரியை வாங்கி வைத்துவிட்டு, நான் பெருமையாக நீட்டிய கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, இது கிராமர் ஸ்கூல் இல்லை. இது மற்ற பள்ளி" என்றாள். நான் நின்ற நிலையைப் பார்த்து, "கவலைப்படாதே, பிள்ளைகள் பவுன்ஸ் பேக் ஆகிவிடுவார்கள்" என்று சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஷீலா தன் தட்டிலிருந்த கேசரியை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். எப்படிச் சொல்வது?"

தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

2

பவுன்ஸ் பேக் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில். வார்டில் வயிற்று ஆபரேஷன் ஆன கிழவர் ஒருவர் இருந்தார். வார்டுக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ் காலையில் என்னிடம், ஏழாவது படுக்கைக்காரர் நன்றாக பவுன்ஸ் பேக் ஆகிவிட்டார் என்றாள். பவுன்ஸ் என்றால் பந்து துள்ளுவது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். கிழவர் கட்டிலிலிருந்து கீழே விழுந்து எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அவர் பாட்டுக்குச் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் மண்டையையும் இடுப்பையும் தடவித்தடவிப் பார்த்ததில் கோபித்துக்கொண்டார். அந்தக் கதையைச் சொல்லி வார்டில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

அடிபட்டவர் சட்டென்று பழைய நிலைக்கு வந்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகு பழகிவிட்டது. இங்கே வேலை போனவனுக்கும், புருஷனை இழந்தவளுக்கும், ஆட்டத்தில் தோற்ற அணிக்கும் அதையேதான் சொல்கிறார்கள். ஷீலாவின் வகுப்பாசிரியையைப் பார்க்கப் போனேன். நல்ல பெண். டீ கொடுத்தாள். அவளும், "ஷீலா பவுன்ஸ் பேக் ஆகிவிடுவாள்" என்றாள்.

"அந்தப் பரீட்சையை மறுபடியும் எழுத முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது."

அப்படியானால் துள்ளி எங்கே வருவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஷீலா அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பள்ளிக்குப் போய்வந்தாள். ஆனால் வீட்டில் தமிழ் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். மூன்று வயதில் இங்கே வந்தபோது, "ஊட்டுக்குப் போலாம்மா" என்று பனியில் நின்று அழுத குழந்தை அவள். பள்ளிக்குப் போனபின் கொஞ்சம் கொஞ்சமாக நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் என்றாகிவிட்டது. அம்மா, அப்பா, போதும், சூடு என்று ஒரு கைப்பிடிச் சொல் மீதியிருந்தது. இப்போது அதுவும் இல்லை. 'மம்' என்று கூப்பிட்டாள். அவளுடைய தோழி கிராமர் ஸ்கூலுக்குத் தேர்வாகியிருந்தாள். அந்தத் தோழி வந்து கதவைத் தட்டினால், தலைவலி என்று சொல்லி அனுப்பச் சொன்னாள்.

என் கணவர் டேவிட் திருவள்ளூர்க்காரர். இங்கே பஸ் கண்டக்டர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "நீ எதுனா சொல்லேன் அவகிட்ட" என்றார்.

"இன்னான்னு சொல்றது?"

"உங்க நைனாவா இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் நைனா சொன்னதை ஷீலாவிடம் சொல்லவேண்டுமானால், இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும். அதை நான் இந்த நாட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

3

ஆரம்பாக்கத்தில் எங்கள் தெரு ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி ரயில் பாதையை ஒட்டி இருந்தது. நைனா பெயர் ஏசடியான். நடவு, அறுப்பு மாதங்களில் வயலுக்குப் போவார். மற்ற மாதங்களில் கும்மிடிப்பூண்டியில் ஒரு அரிசி மில்லில் நெல் மூட்டை தூக்குவார். அறுபதுகளின் தொடக்கம். நான் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போய் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் நான்தான்.

பொங்கல் கழிந்த வாரத்தில் மில்லில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து நைனா மேல் விழுந்தன. வலது தொடை எலும்பு உடைந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மாதம் படுக்கவைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது ஸ்டேஷனிலிருந்து நாலு பேர் பெஞ்சியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அம்மா அதே மில்லின் களத்து வேலைக்குப் போனாள். அவித்த நெல்லை வெயிலில் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். சாயந்திரம் தலைமுடியெல்லாம் உமியோடு வருவாள். சமையல் என் தலையில் விழுந்தது. எனக்குச் சமைக்கத் தெரியாது. ஒருநாள் சோறு குழையும், ஒருநாள் அடிப்பிடிக்கும். குழம்பு என்று நான் வைத்தது எந்த நாளும் குழம்பாக வந்ததில்லை.

நைனா கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்றபடியே ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"இன்னா ஏசடியான், தேறிக்கினியா?"

"உம்" என்பார், சுவரைப் பார்த்தபடியே. எங்கள் தெருக்கோடியில் இருந்த தெலுங்குக் குடும்பத்தார் வந்தால் அதையே அவர்கள் பாஷையில், "கோலுக்குன்னாவா நைனா?" என்பார்கள். அதற்கும் "உம்"தான். இன்னும் கொஞ்சம் பேசத் தெரிந்தவர்கள், "மனச வுட்டுடாத, தலையெடுத்துடலாம்" என்பார்கள். பாதிரியார் வந்து, "எழுந்து நடப்பாய்" என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

வாசலில் நிற்கிறவர்கள் போனபிறகு நைனா என்னிடம், "அந்தக் கதவச் சாத்து" என்பார். அந்த மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

4

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. பேப்பரில் நம்பர் போடுவார்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் கடையில் பேப்பரை விரித்துவைத்து ஐந்தாறு பேர் குனிந்துகொண்டிருந்தோம். என் நம்பருக்கு முந்தின நம்பர் இருந்தது, அடுத்த நம்பர் இருந்தது. என்னுடையது இல்லை. விரலை வைத்து மூன்று தடவை பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர், "பார்த்தாச்சுன்னா நகரும்மா" என்றார்.

ஊருக்குப் போகும் வண்டி வந்தது. ஏறவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அதில் இருப்பார்கள், கேட்பார்கள். தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன். வீட்டுக்கு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது.

"இன்னாச்சி?" என்றார் நைனா.

"நம்பர் இல்ல நைனா."

கட்டில் கயிறு கிறீச்சிட்டது. சுவரைப் பார்த்திருந்த முகத்தை என் பக்கமாகத் திருப்பினார். எத்தனையோ நாள் கழித்து அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"எதுல?"

"இங்கிலீஷ்ல."

"எனக்குக் கால்ல" என்றார்.

அந்த வாரம்தான் மெட்ராஸுக்குக் காட்டப் போயிருந்தார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, கால் இரண்டு விரற்கடை குட்டை, இனிமேல் மூட்டை தூக்கமுடியாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதை அம்மா என்னிடம் மறைத்துவைத்திருந்தாள். நைனா தானே சொன்னார். "டாக்டரும் எனக்கு நம்பர் இல்லன்னுட்டான். நீயும் தேறல, நானும் தேறல. வா, குந்து."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் தடுக்கவில்லை. என் கால் முழுக்கப் புழுதியாக இருப்பதைப் பார்த்து, "நடந்தா வந்த?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டு முந்தானையால் தலையிலிருந்த உமியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "போவட்டும். மேஸ்திரிய நான் ஏற்கெனவே கேட்டு வெச்சிக்கீறேன். திங்கக்கெயம எங்கூட களத்துக்கு வந்துடட்டும்" என்றாள். அவள் கல்மனசுக்காரி இல்லை. அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

நான் சரியென்று தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மறுபடியும் அந்தப் பேப்பர் முன்னால் குனிய வேண்டாம்.

"அவளும் வந்துட்டா ஊட்ல சோறு யாரு ஆக்குறது?" என்றார் நைனா.

"காலைலயே ஆக்கி வெச்சுட்டுப் போவோம்."

"இவ ஆக்குறதையா? அத்த ஆறிப்போயி வேற துண்ணணுமா?" நைனா முழங்கையை ஊன்றிக்கொண்டார். "மூணு மாசமா துண்ணுக்கினு கீறேன். கால் ஒடைஞ்சதுகூட எனக்கு இவ்ளோ பேஜாரா இல்ல."

அம்மா அவரையே பார்த்தாள்.

"சோறு நான் ஆக்குறேன். அவ இங்கியே குந்தி மறுக்கா படிக்கட்டும். செப்டம்பர்ல எயுதலாம்ன்றாங்களே. எனக்கும் பேச்சுத் தொணையாவும். இந்தச் செவுத்தப் பாத்துப் பாத்து பைத்தியம் புடிக்குது."

"நீயா? சோறா?"

அம்மா சிரித்துவிட்டாள். பொங்கலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுப்புக்கு வெளியூர் போகும்போது ஆம்பிளைகள் பத்துப் பேருக்கு யார் பொங்கிப்போட்டது என்று நினைக்கிறாய் என்று சத்தம் போட்டார். மறுநாள் காலை இரண்டு கையாலும் தரையை ஊன்றி, இடுப்பால் நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தார். நான் தூக்கிவிடப் போனால், "தொடாத" என்றார். முக்காலி கேட்டார், போட்டேன். மீன் கேட்டார், வாங்கிவந்தேன்.

அந்தக் குழம்பைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு முடியாது. அம்மா மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாலாம் நாள் பக்கத்துத் தெரு தேவசகாயம் வந்து எட்டிப்பார்த்து, "இன்னாப்பா, பொம்பள வேலைய எடுத்துக்கினியா?" என்றார். நைனா கரண்டியோடு இருந்தார். கோபிப்பார் என்று பயந்தேன். "துண்ணுட்டுச் சொல்லு" என்று ஒரு தட்டை நீட்டினார். தேவசகாயம் தின்றார். இன்னொரு தட்டு கேட்டார். சொல்லவந்ததைச் சொல்லாமலே போனார்.

5

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நாங்கள் இரண்டு பேரும் படித்தோம் என்றுதான் சொல்லவேண்டும். நான் இங்கிலீஷ் கட்டுரைகளைச் சத்தம்போட்டு மனப்பாடம் செய்வேன். நைனா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். அவருக்கு எழுத்தே தெரியாது, எந்த மொழியிலும். ஆனால் கேட்டுக் கேட்டு ஓசை பதிந்துவிட்டது. ரயில் பிரயாணம் பற்றிய கட்டுரையில் கார்டு பச்சைக் கொடி காட்டும் இடத்தில் நான் எப்போதும் தடுக்கி நிற்பேன். அடுப்பு ஊதிக்கொண்டே அவர் எடுத்துக்கொடுப்பார்: "தி கார்டு வேவுடு ஹிஸ் கிரீன் பிளாக்கு."

"அப்டீன்னா இன்னா நைனா?"

"யாருக்குத் தெரியும்? அடுத்தது அதான். சொல்லு."

கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள், "உனக்கு ஒரு பரிச்ச கீது. எனக்கும் ஒண்ணு வெச்சிக்கிறேன். செப்டம்பர்ல உன்ன டேசனாண்ட வந்து வண்டி ஏத்துவேன். கோல் இல்லாம" என்றார். அதிலிருந்து தினமும் சாயந்திரம் வாசலிலிருந்து வேப்பமரம், வேப்பமரத்திலிருந்து குளம் என்று போய்வந்தார். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு நடக்கும்.

பரீட்சை நாள் காலையில் புறப்பட்டோம். கோலை நான் கையில் வைத்துக்கொண்டு கூட நடந்தேன். பாதி வழியில் ஒரு மதகு இருக்கும். அதன் பக்கத்தில் நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"கோலைக் குடு."

"பாதிதான் நைனா வந்திருக்கோம்."

"தெரியும். குடு. உன் வண்டி பூடும்."

கோலை ஊன்றிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார். என்னை வண்டி ஏற்றிவிட்டு, திரும்பி நடக்கத் தெம்பில்லாமல் சாயந்திரம் நான் வரும்வரை அந்தப் பிளாட்பார பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நான் இறங்கினதும் பரீட்சையைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், கண்ணெல்லாம் பளபளக்க, "கிருபா, காலைல வண்டிக்கு எத்தினி பேரு வரான் தெரியுமா? மில்லுக்கு, மெட்ராஸுக்கு... ஒருத்தனாவது நாஷ்டா துண்ணுட்டு வரான்ற? எல்லாம் வெறும் வயிறு" என்றார். பாதி வழி வந்தபிறகுதான், "ஆமா, நீ எப்பிடி எயுதின?" என்று கேட்டார்.

நான் தேறினேன். மயிரிழையில்தான். எங்கள் தெரு முழுக்க வந்து, "தேறிட்டியாமே" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. நைனா எல்லோரிடமும், "இவ பாஸு. நான் பெயிலு. பாதியில கோல் வாங்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த மாதமே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நாலு மூங்கில் நட்டுக் கீற்றுப் போட்டு இட்லிக் கடை வைத்துவிட்டார். ஒரு வருஷத்தில் அம்மாவும் களத்து வேலையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டாள். நான் நர்ஸ் படிப்புக்குப் போனது, கல்யாணம் ஆனது, விமானம் ஏறினது எல்லாம் அந்த இட்லி அவித்த நெருப்பில்தான்.

பழைய மில் கூட்டாளிகள் கடைக்கு வந்தால் கேட்பார்கள், பழையபடி ஆயிட்டியா ஏசடியான் என்று.

"பழைய ஆளு வரமாட்டான்பா, அவன் அந்த மூட்ட அடியிலயே பூட்டான்" என்பார். "இது வேற ஆளு. இன்னா வோணும், ரெண்டு இட்லியா நாலா?"

இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வருகின்றன என்று கடிதம் எழுதுகிறார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் கடையில் நிற்க இடமில்லையாம். கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. குட்டை குட்டைதான்.

6

நான் இந்த நாட்டில் நர்ஸாகப் பதிவு செய்யவேண்டும் என்று போனபோது ஆபீஸில் என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகத்தைக் கேட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரே பரீட்சைக்கு இரண்டு தேதி ஏன் இருக்கிறது என்று கேட்டாள். நான் பதறிப்போய், "இரண்டு தடவை எழுதினேன்" என்றேன். எங்களுக்கு உங்களிடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லையே என்றாள் அவள். கடிதம் எழுதினதாக நினைத்துவிட்டாள். கோப்புகளையெல்லாம் தேடி, வராத கடிதத்துக்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டு, முத்திரை போட்டுக் கொடுத்தாள். நான் திருத்தவில்லை.

அன்றிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. ஷீலா சின்னவளாக இருக்கும்போது, அம்மா நீ நன்றாகப் படிப்பாயா என்று கேட்டாள். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவே போகிறவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பொய்தான் அவள் மேல் மூட்டையாகச் சரிந்து கிடக்கிறது என்று எனக்கு அந்த வசந்தகாலத்தில்தான் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஷீலா மேஜையில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"படி."

மார்க்குகள் எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கும். விரலை வைத்துப் படித்தாள். ஒரு இடத்தில் நின்றது விரல். அடுத்த தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீ ஃபெயிலா?"

"ஆமா."

"இங்கிலீஷிலா?"

"இங்கிலீஷ்லதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் இல்லாததை, தண்டவாளத்தில் நடந்ததை, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த தாத்தாவை. எனக்கு ஆங்கிலம் வராத இடத்தில் தமிழில் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை.

"பிறகு நீ பவுன்ஸ் பேக் ஆகிவிட்டாயா?" என்றாள்.

"நாங்க அப்பிடிச் சொல்லமாட்டோம். தேறிட்டேன்னு சொல்வோம்."

அந்தச் சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பரீட்சையில் தேறுவதும் தேறுவதுதான், காய்ச்சலிலிருந்து தேறுவதும் தேறுவதுதான், துக்கத்திலிருந்து மனசு தேறுவதும் அதுதான். எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஒரே சொல். தன்னாலேயே ஆனால் தேறுவது. அழுகிறவர் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து அதைச் செய்யவைத்தால் தேற்றுவது. பந்துக்கு யாரும் பக்கத்தில் உட்காரவேண்டாம், அது தானே துள்ளும். மனுஷருக்கு அப்படி இல்லை. நாள் ஆகும். கொஞ்சம் வேற ஆளாகவும் ஆகிவிடுவோம்.

ஷீலா வாயைக் குவித்து, "தே... ரி... டேன்" என்று சொல்லிப் பார்த்தாள். றகரம் வரவில்லை. தேர் ஓடுவது போல ஓடியது. நான் திருத்தப் போகவில்லை. அவள் வாயிலிருந்து தமிழ் கேட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது.

7

ஷீலா அந்த மற்ற பள்ளிக்குத்தான் போனாள். இப்போது இரண்டாவது ஆண்டு. போன முதல் மாதம் சாயந்திரம் வந்ததும் நேராக மாடிக்குப் போய்விடுவாள். பிறகு எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, வாசலிலேயே பையைப் போட்டுவிட்டுப் பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அங்கே ஒரு அறிவியல் ஆசிரியர் தவளையும் பல்லியும் வளர்க்கிறார். அவற்றுக்குத் தீனி போடும் பொறுப்பு இவளுக்கு. மிருக வைத்தியராகப் போகிறாளாம். அந்தப் பள்ளியிலிருந்து அங்கே போய்ச்சேர வழி இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறது, சுற்றுவழி, இரண்டு மூன்று ஆண்டு கூட ஆகும் என்றார்கள். ஆகட்டும். கிராமர் ஸ்கூலுக்குப் போன தோழியும் சனிக்கிழமைகளில் வருகிறாள். அவளுக்கு இப்போது யாரும் தலைவலி என்று சொல்வதில்லை.

தமிழ் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கொஞ்சம் வந்திருக்கிறது. எனக்கு அது போதுமாக இருக்கிறது.

8

அந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மூடிவைத்தபிறகு ஷீலா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நீ வேறே எதில் எல்லாம் ஃபெயில்?"

மம் இல்லை, அம்மா. அந்தச் சந்தோஷத்தில் நான் தாராளமாகவே எண்ணத் தொடங்கினேன். நீச்சல். ஆஸ்பத்திரிப் பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், ஒரே நாளோடு சரி. கம்பளி நூல் பின்னுவது, அவளுக்கென்று ஆரம்பித்த ஸ்வெட்டருக்கு இரண்டு கையும் இரண்டு நீளத்தில் வந்தது. இந்த ஊர்க் கிறிஸ்துமஸ் புட்டிங். அவள் ஒவ்வொன்றுக்கும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வெகுநாள் கழித்து எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம்.

டேவிட் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஷிப்டு முடிந்து, கண்டக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்கு பஸ் டிரைவர் ஆகவேண்டும் என்று வெகுநாள் ஆசை. கம்பெனியில் டெஸ்ட் வைப்பார்கள். மூன்று தடவை பெயர் கொடுத்தார். மூன்று தடவையும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டு, பனி, டெஸ்ட்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். நாங்களும், இந்த ஊர்ப் பனிக்குக் கேட்பானேன் என்று நம்பிவிட்டோம்.

தொப்பியை ஆணியில் மாட்டினார். அதற்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"கிருபா," என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே. "அந்த டெஸ்ட்டு மூணு வாட்டியும் நடந்துச்சு. பனியெல்லாம் ஒண்ணும் இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் ஷீலா எழுந்துவிட்டாள். மேஜைக்கடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"உக்காருப்பா," என்றாள் தமிழில். "மொதல்ல இருந்து சொல்லு."